யாரும் போய்ப் பார்க்காத இடம்

டக். பிறகு ஒரு சின்னப் பின்வாங்கல், யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல. பிறகு அதே இடத்தில் மறுபடியும் டக். ஐம்பது வருடமாக நான் கேட்காத ஓசை. மோவாயைப் பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, வலது கண்ணை மூடிக் கட்டி, இடது கண்ணால் ஒரு பெரிய வெள்ளைக் குழிவுக்குள் பார்த்தபடி இந்தக் கண் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது அது திரும்பி வருகிறது. அன்றைக்கு அது ஒரு தட்டச்சு உருண்டையின் ஓசை. எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் உலோக உருண்டை, அதன் உடம்பெல்லாம் எழுத்துகள், எந்த மொழியிலும் சேராத குறிகள். கணிப்பொறி வேறொரு கட்டடத்தில் இருந்தது. எங்கள் அறையில் இருந்தது அதற்குக் கம்பி போட்டு இணைத்த தட்டச்சு இயந்திரம் மட்டும். முதலில் ஒரு வட்டம் அடிக்க வேண்டும். பிறகு உருண்டையை ஓர் எழுத்து இடம் பின்னுக்கு நகர்த்த வேண்டும். வட்டத்தின் மேலேயே ஒரு கிடைக்கோடு அடிக்க வேண்டும். அப்போது மூன்றாவதாக ஒரு குறி பிறக்கும், இமை மூடிய கண் மாதிரி. ஓர் அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டும் குறி அது. மேல் வரிசை கீழே போகும், கீழ் வரிசை மேலே வரும். என்னோடு வேலை பார்த்த எஸ்தர் அதை அடித்துக்கொண்டே இருப்பாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஓசையிலேயே எல்லாக் குறியும் எனக்குத் தெரியும். கூட்டல் குறி கொஞ்சம் கனமாக விழும், புள்ளி விழுவதே கேட்காது. கவிதைக்குக் காது வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தக் காதை நான் செலவழித்தது அங்கேதான்.

கண்ணை ஓட்டக் கூடாதாம். நடுவில் இருக்கிற மஞ்சள் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும், சில புள்ளி பளிச்சென்று இருக்கும், சிலது மங்கலாக இருக்கும், தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம் என்று முபீனா சொல்லிவிட்டு இயந்திரத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்தச் சோதனையைச் செய்கிற பெண் அவள். பயப்பட வேண்டாம் என்று சொல்லும்போது கொட்டாவி விட்டாள், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. மேலே இடது பக்கம் ஒரு புள்ளி. அமுக்கினேன். கீழே ஒன்று. அமுக்கினேன். கண் நரம்பு கொஞ்சம் குழிந்திருக்கிறது, க்ளாக்கோமாவாக இருக்கலாம், இந்தச் சோதனை செய்தால்தான் உறுதியாகும் என்று டாக்டர் சுகுணவதி போன வாரம் சொன்னார். க்ளாக்கோமா என்றால் பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் போகும், வலிக்காது, போனது திரும்பாது. இதையெல்லாம் அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். எஸ்தரால் தெரியும். தனியாக இருக்கிறேன், படிப்பதற்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையில்லை. புள்ளி. அமுக்கினேன். கண்ணுக்குள் எத்தனையோ இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், எந்த மங்கல் வரைக்கும் அந்த இடத்துக்குத் தெரிகிறது என்கிற எண். எண்கள் வரிசையாக, வரிசைகள் அட்டவணையாக, ஒரு கண்ணுக்கு ஓர் அட்டவணையாக. என் தலைக்குள்ளேயே இப்படி ஒன்று இத்தனை நாள் இருந்திருக்கிறது. பயத்தைவிட முதலில் வந்தது ஒரு வேடிக்கை பார்க்கும் ஆசை. இதை எஸ்தரிடம் சொன்னால் என்ன கேட்பாள் என்றும் தெரியும்.

எது மேல, மக்கா? எதற்கும் அவள் அதைத்தான் கேட்பாள். எஸ்தர் ராஜபூஷணம், நாகர்கோவில்காரி, என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். ஆறுகளையும் ஏரிகளையும் ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வேலைக்கு எடுத்தார்கள். உருண்டையில் இருந்த குறிகளாலேயே ஆன அந்தக் கணிப்பொறி மொழியில் ஒரு வேலையைச் சொல்ல ஒரே ஒரு குறி போதும், கூட்டு, பெரியதை எடு, புரட்டு, இப்படி. ஆனால் அந்த வேலையை எதன் மேல் செய்வது? ஒவ்வோர் எண்ணின் மேலா, ஒவ்வொரு வரிசையின் மேலா, ஒவ்வோர் அட்டவணையின் மேலா, மொத்தத்தின் மேலா? அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மொழி தானாக ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஒரு விடையைக் கொடுத்துவிடும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. எஸ்தர் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய், கழுவிக் கவிழ்த்திருந்த இட்லித் தட்டுகளைக் காட்டினாள். குழி, தட்டு, அடுக்கு. குழிக்குக் குழி எண்ணெய் தடவலாம், தட்டுத் தட்டாக மாவு ஊற்றலாம், அடுக்கு மொத்தத்தையும் ஒரே மூடியால் மூடலாம். வேலை செய்கிற கை ஒன்றுதான், எது மேல கை வைக்கியோ அதைப் பொறுத்துத்தான் கிடைக்கிறது, பாத்துக்கோ என்றாள். கேன்டீன்காரர் இட்லி காலி, தட்டைப் பார்த்தே பசி ஆறிடுமா என்று கேட்டார். இன்னொரு நாள் ஒன்றுமே இல்லாத வரிசையைக் கொடுத்துக் கூட்டச் சொன்னோம், பூஜ்யம் என்றது. ஒன்றுமே இல்லாததைப் பெருக்கச் சொன்னோம், ஒன்று என்றது. எங்கிருந்து வந்தது அந்த ஒன்று என்று சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசினோம். நமக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு மந்தா என்றாள் எஸ்தர். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. டக். அமுக்கினேன்.

டக். அமுக்கினேன். இந்த இயந்திரத்துக்குள்ளும் ஏதோ நகர்கிறது. ஒரு புள்ளியைக் காட்டுவதற்கு முன் உள்ளே ஏதோ கண்ணாடி திரும்புகிறது போல, மெல்லிய ஓர் இழுப்பு, பிறகு ஒரு டக். இடது பக்கம் போகும்போது இழுப்பு கொஞ்சம் நீளம். மேலே போகும்போது கடைசியில் ஒரு கிறீச். எனக்கு இது பழகிவிட்டது, எப்போது பழகியது என்று தெரியவில்லை. இழுப்பு, கிறீச், டக், மேலே வலது பக்கம், அமுக்கினேன். புள்ளியைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். இழுப்பு, டக், அமுக்கினேன். ராவ் சாருக்கு ஒரே ஓர் எண் போதும். எங்கள் மேலதிகாரி அவர், உடுப்பிப் பக்கத்துக்காரர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன வெற்றிலைப் பொட்டலம். ஏம்மா, மீட்டிங்குக்கு நான் மூட்டை கட்டிக்கொண்டா போவேன், ஒரே ஓர் எண் கொடுங்கள் என்பார். ஓர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த மழைமானிகளின் கணக்கு அது. ஒவ்வொரு மழைமானிக்கும் ஓர் அட்டவணை, அட்டவணையில் ஒவ்வொரு வருடமும் ஒரு வரிசை, வரிசையில் மாதங்கள். மொத்தத்தின் மேல் சராசரி போட்டால் ஓர் எண் வந்தது, நல்ல சாதுவான எண், அவர் அதைக் கையில் எழுதிக்கொண்டார். எஸ்தர் விடவில்லை. தட்டுத் தட்டாகப் போட்டாள், பிறகு வரிசை வரிசையாக. மலை உச்சியில் இருந்த மழைமானி ஐப்பசி கார்த்திகையில் காய்ந்து கிடந்தது. கீழே ஊரெல்லாம் கொட்டுகிற மாதத்தில் மேலே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அதிசயமாக இருந்தது எங்களுக்கு. அவள் அந்த அட்டவணையைப் புரட்டிப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு ராவ் சாரிடம் போய்ச் சொன்னாள்: "அங்க மழை பெய்யலைன்னு இல்ல சார். மழையில மலை ஏற முடியாம யாரும் போய்ப் பாக்கல்லை. பாக்காத இடத்துக்கும் பூஜ்யம் போட்டு வச்சிருக்காவ." அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். சரி, பக்கத்து மானிகளின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடு என்றார். நிரப்பினால் குழி இருந்ததே தெரியாமல் போகும் சார் என்றாள் அவள். பெரிய வாக்குவாதம் இல்லை. அவர் தன் ஓர் எண்ணோடு மீட்டிங்குக்குப் போனார், அவள் அந்தப் பூஜ்யங்களை எல்லாம் எடுத்துவிட்டு வெற்றிடம் என்று அடையாளம் போட்டு வைத்தாள். அணை உடையவில்லை. எதுவும் நடக்கவில்லை. ஏன் அது இன்னும் எனக்குள் கிடக்கிறது? இழுப்பு, கிறீச், டக், அமுக்கினேன், இழுப்பு,

"ஆன்ட்டி, நிறுத்துங்க. வெளிச்சம் வராமயே அமுக்கறீங்க."

முபீனா விளக்கைப் போட்டாள். மோவாயை எடுத்தேன், கழுத்து வலித்தது. இந்த இயந்திரம் நடுநடுவே சும்மா சத்தம் மட்டும் போடுமாம், புள்ளி எதுவும் காட்டாமல். அமுக்குகிறவர்கள் உண்மையாகப் பார்த்து அமுக்குகிறார்களா என்று தெரிந்துகொள்ள. நான் அந்தச் சும்மாச் சத்தத்துக்கெல்லாம் அமுக்கியிருக்கிறேன், அனேகமாக ஒன்று விடாமல். இது என்ன பரீட்சையா, மார்க் எடுக்கறதுக்கு, சின்னப் பசங்க மாதிரி பண்றீங்களே என்றாள். கோபமில்லை, சிரிப்புதான். அவள் திரையில் ஏதோ பார்த்து, சராசரி மட்டும் சூப்பரா வந்திருக்கு ஆன்ட்டி, இருபது வயசுப் பொண்ணுக்குக்கூட இப்படி வராது என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதற்கடியில் சில்லென்று வேறொன்று இருந்தது. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. கிறீச் என்று கேட்டவுடன் மேலே புள்ளி இருந்தே ஆக வேண்டும் என்று காது சொன்னது, விரல் நம்பிவிட்டது. கண்ணை யாரும் கேட்கவில்லை. மேலே எத்தனை இடங்களை இப்படி நிரப்பினேன்? எல்லாவற்றையுமா? அப்படியென்றால் கண்ணுக்கு எங்கே எதுவும் தெரியவில்லையோ அங்கேதான் காது ஓடி ஓடி நிரப்பியிருக்கிறது. மறுபடி முதலிலிருந்து பண்ணணும், இல்லன்னா வேற ஒரு நாள் வர்றீங்களா, களைப்பா இருந்தா என்றாள் முபீனா. வேறொரு நாள் என்பது எவ்வளவு இதமான வார்த்தை. வீட்டுக்குப் போய் சோறு வைத்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரலாம். இன்னும் ஒரு வாரத்துக்கு எனக்கு ஒன்றும் இல்லை. பையை எடுக்கக் கை நீட்டினேன். கை நீண்டது, நின்றது. கொஞ்சம் பஞ்சு இருக்குமா என்று கேட்டேன். எதுக்கு ஆன்ட்டி என்றாள். காதுக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். அவள் உதடு ஏதோ சொன்னது. தலையாட்டினேன். விளக்கு அணைந்தது.

இப்போது ஒன்றும் கேட்கவில்லை. என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் லாரி போகிற மாதிரி. மஞ்சள் விளக்கு. இடது பக்கம் ஒரு புள்ளி, அமுக்கினேன். கீழே ஒரு புள்ளி, மங்கல், அமுக்கினேன். கீழே. மறுபடி கீழே. நேரம் போகிறது. இயந்திரம் மேலேயும் போய்க்கொண்டுதான் இருக்கும், உள்ளே கண்ணாடி திரும்பும், கிறீச் என்று நிற்கும், எனக்குத்தான் கேட்காது. மேலே வலது பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, வெறும் வெள்ளை, எதுவும் குறையாத மாதிரி வெள்ளை. எஸ்தரும் அதைத்தான் சொன்னாள். ஒரு நாள் அவள் வலது கண்ணில் தூசி விழுந்தது, ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டு மறு கையால் தாளை இயந்திரத்திலிருந்து கிழித்தவள் அப்படியே நின்றாள். "மந்தா, பாதித் தாளைக் காணோம்" என்றாள். தாள் முழுசாகத்தான் இருந்தது. மேல் பாதியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள், கையை எடுத்தாள், வந்துட்டு என்றாள். பொத்தினாள், போச்சு என்றாள். கொஞ்ச நேரம் அதை ஒரு விளையாட்டு மாதிரி விளையாடினோம், நானும் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தேன், எனக்கு எல்லாம் தெரிந்தது. அன்று சாயந்திரம் மவுண்ட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு போர்டைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள், சூட்டுக்கு விளக்கெண்ணெய் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு கண் விட்ட இடத்தை இன்னொரு கண் நிரப்பிவிடும், அதனால் யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. அவள் அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது அதற்காகத்தானோ? தலைகீழாப் பாத்தாத்தான் தப்பு கண்ணுல படும் என்பாள், நாங்கள் அது அவளுடைய ஒரு கிறுக்கு என்று வைத்துக்கொண்டோம். மேல் வரிசைகளைக் கீழே இறக்கி, தெரிகிற பக்கத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாளோ? காரணம் அறியாமலே உடம்பு ஒரு வழி கண்டுபிடித்திருந்ததோ? தெரியாது. இருக்கலாம். கேட்டிருந்தால் அவளும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். கீழே ஒரு புள்ளி, அமுக்கினேன். பக்கத்தில் ஒன்று. மேலே வெள்ளை. அமுக்கு அமுக்கு என்று விரல் துடிக்கிறது. ஒரு தடவை அமுக்கினால் என்ன, இருந்திருக்கலாமே, மிக மங்கலாக. விரலைப் பொத்தானிலிருந்து ஒரு நூல் உயரம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். யாரும் போய்ப் பார்க்காத இடமாக அது இருக்க வேண்டாம். நான் போயிருக்கிறேன். மலை ஏறி வந்து இங்கே நின்று பார்க்கிறேன், ஒன்றும் பெய்யவில்லை. பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளட்டும். அழுகை வந்தது, அழுதால் கண் மறைக்கும், அடக்கிக்கொண்டேன். தோளில் முபீனாவின் கை விழுந்தபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. காதிலிருந்து பஞ்சை எடுத்தேன், உலகம் ஒரே இரைச்சலாக இருந்தது. இந்தத் தடவ கரெக்டு ஆன்ட்டி, ஒண்ணுகூடத் தப்பா அமுக்கல என்றாள், பரீட்சை எழுதிய பிள்ளையிடம் சொல்வதுபோல.

வலது கண்ணையும் அதேபோல் பஞ்சடைத்துச் சோதித்து முடித்த பிறகு, டாக்டர் சுகுணவதி இடது கண்ணின் தாளை மேசையில் எனக்கு நேராகத் திருப்பி வைத்தார். எண்கள், வரிசை வரிசையாக, நான் நினைத்த மாதிரியே. கூடவே ஓர் ஓரத்தில் ஒரே ஓர் எண், மொத்தத்துக்குமான கணக்கு. அதைப் பேனாவால் தொட்டு, சராசரியைப் பார்த்தால் உங்கள் வயதுக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, இதை மட்டும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். ராவ் சார் இருந்தால் எழுதிக்கொண்டு போயிருப்பார். பிறகு டாக்டர் பேனாவைத் தாளின் நடுவில் கிடைக்கோடாக வைத்தார். இந்த மெஷின் இன்னொன்றும் பண்ணும், மேல் பாதியைக் கீழ் பாதி மேல் மடித்து ஒவ்வோர் இடத்தையும் அதன் ஜோடியோடு ஒப்பிடும், நல்ல கண்ணில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், உங்களுக்கு இல்லை என்றார். நான் அந்தப் பேனாவையே பார்த்தேன். வட்டமான பார்வைப் புலம், அதன் குறுக்கே ஒரு கிடைக்கோடு. டக், பின்வாங்கல், டக். யாரோ ஒருவர், எந்த ஊரிலோ, இந்த இயந்திரத்திடம் எது மேல என்று கேட்டிருக்கிறார். மொத்தத்தின் மேல் இல்லை, பாதிப் பாதியின் மேல், புரட்டிப் போட்டு, என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்ட செய்தி கெட்ட செய்தி என்று எனக்குத் தெரிகிறது, ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சின்னப் பெண்போலக் கை தட்டினேன். மேல் பாதி வலது பக்கத்தில் வரிசையாகச் சில பூஜ்யங்கள். போனது போனதுதானம்மா, இருக்கிறதைக் காப்பாற்றலாம், தினமும் ராத்திரி ஒரு சொட்டு, விடவே கூடாது, வலது கண் இன்னும் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். முதல் தடவை பண்ணியதில் இந்த இடமெல்லாம் நன்றாக வந்திருந்ததாமே, முபீனா சொன்னாள், எப்படி என்று கேட்டார். காது கேட்டது டாக்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. புத்தகம் படிக்கலாமா என்று மட்டும் கேட்டேன். தாராளமாக என்றார்.

மருந்துக் கடை வரிசையில் நிற்கிறேன். வலது கண்ணைப் பொத்தி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் அங்கேதான் இருந்தது, கடிகாரத்துக்கு மேலே வெள்ளைச் சுவர், அதற்கும் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் சுவர் என்றுதான் சொல்வேன். கையை எடுத்தேன், மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பொத்தினேன், போச்சு. எடுத்தேன், வந்துட்டு. பின்னால் நின்ற அம்மாள் வரிசை நகருதுங்க என்றார்.

எஸ்தருக்கு இதே க்ளாக்கோமாவில் இடது கண் முதலில் போனது, சில வருடங்கள் கழித்து வலது கண்ணும் போனது. வேலையை விட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி, பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் கணக்கு கற்றுக்கொடுத்தாள். அங்கேயே ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள்.